ட்வைலைட் என்றால் எந்த நேரம்?

அபர்டீன், ஸ்காட்லாந்து
அக்டோபர் 12

அன்புத் தங்கைக்கு,

உன் ஆஸ்பத்திரி வேலைக் கடிதத்தில் ‘ட்வைலைட் ஷிப்ட்’ என்று போட்டிருக்கிறது, அது பகலா இரவா என்று கேட்டிருந்தாய். இரண்டும் இல்லை. பகல் ஷிப்டு முடிந்து இரவு ஷிப்டு தொடங்கும்வரை உள்ள சாயங்கால வேலைக்கு இங்கே அந்தப் பெயர். சில இடங்களில் 5 மணிக்குத் தொடங்கி 10 மணிக்கு முடியும், சில இடங்களில் 6 மணிக்குத் தொடங்கும். நேரம் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று எழுதிக் கேட்டு வாங்கிவிடு. கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்.

அகராதியில் பார்த்தால் அந்தி என்று போட்டிருக்கும். சரிதான். ஆனால் நம் ஊர்ப் பக்கம் சொல்லும் ‘கருக்கல்’ இன்னும் நெருக்கமான சொல். விடியுமுன் எழுந்தாலும் கருக்கல், பொழுது சாய்ந்த பிறகும் கருக்கல். ட்வைலைட்டும் அப்படியே, காலைக்கும் மாலைக்கும் பொது. அதன் முன்பாதியான ‘ட்வை’ இரண்டைக் குறிக்கும் பழைய சொல், ட்வின், ட்வைஸ் இவற்றில் வருவது. இரண்டுக்கும் நடுவில் நிற்பது என்ற பொருளைப் பிடித்துக்கொண்டால் மற்றப் பயன்பாடெல்லாம் தானே புரியும். உன் நோயாளிகளில் வயதானவர்கள் ‘குளோமிங்’ என்பார்கள். அது ஸ்காட்லாந்துச் சொல், மாலைக்கு மட்டும்.

ஆஸ்பத்திரியில் ‘ட்வைலைட் செடேஷன்’ என்று கேட்பாய். முழு மயக்கம் இல்லை; கூப்பிட்டால் பதில் வரும், ஆனால் பிறகு பெரும்பாலும் நினைவிருக்காது. ‘ட்வைலைட் ஸ்லீப்’ வேறு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் பிரசவத்துக்கு மார்ஃபின், ஸ்கோபோலமின் என்ற மருந்துகளைக் கொடுத்த முறை அது. வலி முழுக்கப் போகவில்லை, வலித்த நினைவுதான் போனது. இன்று அது வழக்கில் இல்லை, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே. முதுமையை ‘ட்வைலைட் இயர்ஸ்’ என்பதும் உண்டு. நோயாளியிடம் மட்டும் அதைச் சொல்லவே சொல்லாதே, சாவை நினைவூட்டுவதுபோல் இருக்கும்.

இனி வெளிச்சத்துக்கு வருகிறேன். மதுரையில் சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக இறங்குவதால் கருக்கல் இருபது நிமிஷம் சொச்சத்தில் முடிந்துவிடும். இங்கே சாய்ந்து சாய்ந்து இறங்கும். சூரியன் அடிவானத்துக்குக் கீழே 6 பாகை போகும்வரை ‘சிவில்’, 12 வரை ‘நாட்டிக்கல்’, 18 வரை ‘அஸ்ட்ரனாமிக்கல்’ ட்வைலைட். அதற்கும் கீழே போனால்தான் முழு இருட்டு. ஜூன் 21 நள்ளிரவில் சூரியன் எவ்வளவு கீழே இருக்கும் என்று நீயே போட்டுப் பார்க்கலாம்: 90-இலிருந்து ஊரின் அட்சரேகையையும் 23.4-ஐயும் கழி. அபர்டீன் 57.1, ஆக மிச்சம் 9.5. பன்னிரண்டைத் தாண்டவே இல்லை! வடக்கு வானம் ராத்திரி முழுக்க வெளுத்தே கிடக்கும். மே தொடக்கத்திலிருந்து ஆகஸ்ட் இரண்டாம் வாரம் வரை இங்கே முழு இருட்டு கிடையாது. ஷெட்லாந்து தீவில் இதை ‘சிம்மர் டிம்’ என்கிறார்கள், எத்தனை அழகான பெயர்!

அழகு சரி, தூக்கம் கெடும். வெளிச்சம் புகாத பிளாக்அவுட் துணி வைத்துத் தைத்த திரை வாங்கு. ஜன்னலைவிட இரண்டு பக்கமும் 15 சென்டிமீட்டராவது அகலம் கூடுதலாக இருக்கட்டும். துணி எவ்வளவு கனமாக இருந்தாலும், திரைக் கம்பிக்கும் சுவருக்கும் நடுவே மேலே இருக்கும் இடைவெளி வழியாக ஜூனில் 4 மணிக்கே வெளிச்சம் விழும். அதை அடைக்காமல் திரை வாங்கிப் பயனில்லை.

டிசம்பரில் நேர்மாறு. சுமார் மூன்றரைக்குச் சூரியன் மறைந்து, முக்கால் மணி நேரத்தில் சிவில் ட்வைலைட்டும் முடிந்துவிடும். உன் ட்வைலைட் ஷிப்டு தொடங்கும்போது கும்மிருட்டுதான். ஜூனிலோ வேலை முடியும்போதுகூட வெளிச்சம் இருக்கும். இந்த மாதக் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே வைப்பதால் இருட்டு திடீரென்று முன்னே வந்துவிடும்.

வண்டிக்குச் சட்டம் இருக்கிறது. சூரியன் மறைந்தது முதல் உதிக்கும்வரை பக்க விளக்குகள் எரிய வேண்டும். மறைந்து அரை மணி கழித்து ஹெட்லைட். தெருவிளக்கு எரியும் சாலையில் மட்டும் விலக்கு. ஆனாலும் அங்கேயும் நீ போட்டுவிடு. நிறையப் பேர் செய்யும் தவறு ஒன்று: புதிய கார்களில் முன்னால் பகல் விளக்கு தானாக எரியும், டாஷ்போர்டும் ஒளிரும், அதனால் எல்லா விளக்கும் எரிகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். பல கார்களில் பின்னால் ஒன்றும் எரியாது. ஸ்விட்சைக் கையால் திருப்பிப் பார்த்துவிட்டுக் கிளம்பு. சைக்கிளென்றால் முன்னே வெள்ளை, பின்னே சிவப்பு, அதோடு சிவப்பு ரிஃப்ளெக்டர்.

ஊருக்கு வெளியே காலைக் கருக்கலிலும் மாலைக் கருக்கலிலும் மான் குறுக்கே பாயும். ஒன்று தாண்டிப் போனதும் வேகம் எடுக்காதே, பின்னாலேயே இன்னொன்று வரும்.

திரைக்கு ஜன்னல் அளவு கேட்டு வீட்டு உரிமையாளருக்கு எழுதியிருக்கிறேன். வந்ததும் அனுப்புகிறேன். திரையை அங்கேயே தைத்து வாங்கி எடுத்து வா.

அன்புடன்
அக்கா