தானியங்கி காப்புப்பிரதியை நம்பி ஆறு ஆண்டுப் பதிவுகளை இழந்தது குறித்த புகார்

அனுப்புநர்:
தங்கள் குறிப்பேட்டுச் செயலியின் ஆண்டுச் சந்தாதாரர்
(பெயரும் முகவரியும் தங்கள் பதிவேட்டில் உள்ளன)

பெறுநர்:
தலைமை அதிகாரி அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: குறிப்பேட்டுச் செயலியின் தானியங்கி கிளவுட் காப்புப்பிரதி செயல்படாமை – இழந்த பதிவுகளை மீட்டுத் தருமாறும் உரிய விளக்கம் அளிக்குமாறும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்து எனக்கு வழங்கப்பட்டு, என்னைக் கேட்காமலேயே முடித்துவைக்கப்பட்ட நான்கு புகார் எண்கள்.

மதிப்பிற்குரிய அம்மையீர் / ஐயா,

வணக்கம். இது நான் அனுப்பும் ஐந்தாவது முறையீடு. முந்தைய நான்கையும் செயலியின் உதவிப் பக்கம் வழியாகவும் தொலைபேசியிலும் தெரிவித்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு புதிய எண் தரப்பட்டது. இரண்டொரு நாளில் "தங்கள் குறை தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தது. குறை அப்படியே இருந்தது. ஒவ்வொரு முறையும் வேறொருவர் எடுத்துப் பேசி, முதலிலிருந்து சொல்லுங்கள் என்றார். அதனால்தான் நடந்த அனைத்தையும் ஒரே கடிதத்தில் எழுதுகிறேன். இதை முழுவதும் படித்த பிறகே எவரும் எனக்குப் பதில் எழுத வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

என் தந்தையார் நீரிழிவு நோயாளி, இன்சுலின் போட்டுக்கொள்பவர். ஆறு ஆண்டுகளாக, காலை வெறும் வயிற்றில் சர்க்கரை எவ்வளவு, இரவில் எவ்வளவு, எத்தனை யூனிட் போட்டோம், அன்று தலைசுற்றல் இருந்ததா, மருத்துவர் வாய்மொழியாக என்ன சொன்னார் என்பதையெல்லாம் தங்கள் செயலியில்தான் எழுதிவந்தேன். மருந்துச் சீட்டுகளையும் படமெடுத்து அந்தந்த நாளின் குறிப்போடு சேர்த்து வைத்தேன். "போன முறை அளவைக் கூட்டியபோது எப்படி இருந்தது?" என்று மருத்துவர் கேட்டால், அந்தத் தேதியைத் தேடி எடுத்து உடனே காட்டிவிடுவேன். இலவசமாகவே பயன்படுத்தக்கூடிய செயலிக்கு நான் சந்தா கட்டியதற்கு ஒரே காரணம், சந்தாதாரர்களுக்குத் தானியங்கி கிளவுட் காப்புப்பிரதி உண்டு என்று தாங்கள் அறிவித்ததுதான். அமைப்புகள் பக்கத்தில் அதற்கான பொத்தானை இயக்கியதும் பச்சை நிறத்தில் ஒரு சரிக்குறி தோன்றி, "உங்கள் தரவு பாதுகாப்பாக உள்ளது" என்று எழுதிக் காட்டியது. அந்தச் சொற்களை நான் நம்பினேன்.

சென்ற மாதம் ஒரு நாள் காலையில் கைப்பேசி உயிர்பெறவே இல்லை. மதர்போர்டு போய்விட்டது, ஒன்றும் செய்ய இயலாது என்று பழுது பார்த்தவர் சொன்னபோதுகூட நான் பெரிதாகக் கலங்கவில்லை. காப்புப்பிரதிதான் இருக்கிறதே என்ற துணிவில், தங்கள் நிறுவனத்தின் கைப்பேசியையே மறுபடியும் வாங்கி, அதே கூகுள் கணக்கில் நுழைந்து, கேட்டபோது பழைய கைப்பேசியின் திரைப்பூட்டு எண்ணையும் கொடுத்து, செயலியை நிறுவினேன். திறந்தவுடன் நான் தேர்ந்தெடுத்திருந்த அதே வெளிர் மஞ்சள் பின்னணி வந்தது. தந்தையாரும் படிக்கட்டும் என்று பெரிதாக்கி வைத்திருந்த அதே எழுத்தளவு வந்தது. காலை ஆறு மணி நினைவூட்டலும் தவறாமல் வந்திருந்தது. குறிப்புகளில் ஒன்றுகூட வரவில்லை.

முதலில் பேசிய பணியாளர், கைப்பேசியை வைஃபையில் இணைத்து ஓர் இரவு சார்ஜில் போட்டுவைத்தால் குறிப்புகள் தாமாக வந்துவிடும் என்றார். அவ்வாறே மூன்று இரவுகள் செய்தேன். முந்தைய பிரதி எடுத்து 24 மணி நேரம் கடந்திருப்பது, கைப்பேசி பயன்பாட்டில் இல்லாமல் இருப்பது, வைஃபை இருப்பது ஆகியவையெல்லாம் பிரதியை எடுப்பதற்கான நிபந்தனைகள் என்றும், அதைத் திரும்பப் பெறுவது செயலியை நிறுவும் நேரத்தில், நாம் அதைத் திறப்பதற்கு முன்பே நடந்து முடிந்துவிடும் என்றும் பின்னர் நானே தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். தங்கள் பணியாளருக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? இரண்டாமவர் கூகுள் டிரைவில் பார்க்கச் சொன்னார். அங்கே காப்புப்பிரதிகளின் பட்டியலில் தங்கள் செயலியின் பெயர் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்க வழியில்லை. மூன்றாமவர் செயலியை நீக்கிவிட்டு மறுபடியும் நிறுவச் சொன்னார்.

அந்த மூன்றாமவரைப் பற்றி நான் விரிவாகவே எழுத வேண்டியுள்ளது. அவரிடம் நான் தெளிவாகக் கேட்டேன்: "புதிய கைப்பேசி வாங்கியதிலிருந்து பதினொரு நாள் குறிப்புகளை இதில் எழுதியிருக்கிறேன், நீக்கினால் அவை போய்விடாதா?" அதற்கு அவர், "கிளவுடில் இருக்கும் அம்மா, எல்லாம் திரும்ப வரும், நான் சொல்வதைச் செய்யுங்கள்" என்றார். செய்தேன். வெளிர் மஞ்சள் பின்னணி மீண்டும் வந்தது. பதினொரு நாள் குறிப்புகளும் போயின. அந்தப் பதினொரு நாட்களில்தான் மருத்துவர் இன்சுலின் அளவை இரண்டு முறை மாற்றியிருந்தார். நான் பதறிப்போய் மறுபடியும் அழைத்தபோது, தற்செயலாக அவரே எடுத்தார். நடந்ததைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவ்வளவு முக்கியமானது என்றால் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்க வேண்டியதுதானே, இதற்கெல்லாம் யாராவது செயலியை நம்புவார்களா?" என்று கேட்டார். அந்தச் செயலியை விற்கும் நிறுவனத்தின் குரலாகப் பேசிக்கொண்டே கேட்டார். என் தந்தையார் அருகில்தான் அமர்ந்திருந்தார். ஒலிபெருக்கியில் அந்தச் சொற்கள் அவர் காதிலும் விழுந்தன. "விடம்மா, என்னால் உனக்கு எவ்வளவு சிரமம்" என்றார் அவர். அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. தங்கள் அழைப்புகள் அனைத்தும் பதிவு செய்யப்படுவதாகத் தொடக்கத்திலேயே அறிவிக்கிறீர்கள். அந்தப் பதிவை எடுத்துத் தாங்களே ஒருமுறை கேளுங்கள். அதன் பிறகும் அவரை வாடிக்கையாளர்களிடம் பேச அமர்த்துவது முறைதானா என்பதைத் தாங்களே முடிவு செய்யுங்கள்.

இதற்கிடையே நடந்த ஒன்றை மேலேயே சொல்லியிருக்க வேண்டும். இரண்டாம் பணியாளர், பழைய கைப்பேசியோடு தங்கள் சேவை மையத்துக்கு நேரில் சென்றால் அதிலிருந்தே தரவை எடுத்துத் தருவார்கள் என்று உறுதி கூறியிருந்தார். விடுப்பு எடுத்து, தந்தையாரைப் பக்கத்து வீட்டாரின் பொறுப்பில் விட்டுவிட்டு, மூன்று மணி நேரம் பயணம் செய்து போனேன். வரிசைச் சீட்டு வாங்கி இரண்டரை மணி நேரம் காத்திருந்தேன். முறை வந்தபோது மேசைக்குப் பின்னால் இருந்தவர் கைப்பேசியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "நாங்கள் கருவியை மட்டும்தான் பார்ப்போம், செயலி பற்றித் தொலைபேசியில் கேளுங்கள்" என்றார். தொலைபேசியில் சொல்லித்தான் வந்தேன் என்றேன். "அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்" என்று கூறிவிட்டு அடுத்த எண்ணை அழைத்தார். கருவியைச் செய்ததும் தாங்கள், செயலியைச் செய்ததும் தாங்கள். இரண்டுக்கும் நடுவே நின்றவள் நான் ஒருத்திதான். ஒரு நாள் விடுப்பும், போக வர ஆறு மணி நேரப் பயணமும், அன்று மதியம் தந்தையாருக்கு வேளை தவறிப்போன ஊசியும்தான் அந்த வாக்குறுதியால் எனக்குக் கிடைத்தவை.

நான்காவது புகாருக்குப் பிறகுதான் தங்கள் தொழில்நுட்பப் பிரிவிலிருந்து மூன்று வரியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. அளவு வரம்பின் காரணமாகக் குறிப்புகள் அடங்கிய தரவுத்தளம் தானியங்கி காப்புப்பிரதியில் சேர்க்கப்படுவதில்லை என்றும், செயலியின் அமைப்புகள் மட்டுமே சேர்க்கப்படுகின்றன என்றும், பயனர்கள் அவ்வப்போது தாங்களாகவே குறிப்புகளைத் தனிக் கோப்பாக ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்வது நல்லது என்றும் அதில் இருந்தது. இந்த மூன்று வரிகளை முதல் நாளே ஒருவர் சொல்லியிருந்தால், பதினொரு நாள் குறிப்புகளாவது தப்பியிருக்கும்.

அந்த மின்னஞ்சலைப் படித்த பிறகு, இந்த ஏற்பாடு எப்படி இயங்குகிறது என்பதை என் அறிவுக்கு எட்டியவரை படித்தறிந்தேன். ஆண்ட்ராய்டு 6.0 பதிப்பு வெளிவந்த 2015 முதலே, செயலிகளின் தரவைப் பயனரின் கூகுள் கணக்கில் தானாகப் பிரதியெடுக்கும் வசதி இயங்குதளத்திலேயே உள்ளது. ஒரு செயலிக்கு 25 எம்.பி. வரைதான் அதில் இடம். கடைசியாக எடுத்த பிரதி ஒன்று மட்டுமே வைக்கப்படும். அளவு மீறினால் பிரதி எடுக்கப்படாது; அது மீறிவிட்டது என்ற தகவல் செயலிக்குத் தெரிவிக்கப்படும். எந்தக் கோப்பைச் சேர்ப்பது, எதை விலக்குவது என்பதைச் செயலியை உருவாக்குபவர்களே எழுதிவைக்கலாம். ஆகவே இதில் இயங்குதளத்தின் மீது பிழை சொல்ல இடமில்லை. அதனிடம் என்ன சொல்லப்பட்டதோ அதை அது செய்தது. மருந்துச் சீட்டுகளின் படங்களையும் சேர்த்துவைக்கச் சொல்லும் ஒரு செயலிக்கு 25 எம்.பி. போதாது என்பது தங்கள் பொறியாளர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. தெரிந்ததனால்தான் தரவுத்தளத்தை விலக்கினார்கள். விலக்கியதைக்கூட நான் குற்றமாகச் சொல்லவில்லை. விலக்கிய பிறகும் அந்தப் பச்சைச் சரிக்குறியை அங்கேயே விட்டுவைத்ததுதான் குற்றம்.

வாட்ஸ்அப் செயலியில் காப்புப்பிரதிக்கான பக்கத்தைத் திறந்தால், கடைசியாக எந்த நாள் எந்த நேரத்தில் எடுக்கப்பட்டது, அதன் அளவு எவ்வளவு என்று காட்டுகிறது. தங்கள் செயலியில் அந்த இரண்டு விவரங்கள் இருந்திருந்தால், சில கிலோபைட் அளவைப் பார்த்த அன்றே நான் விழித்துக்கொண்டிருப்பேன். தங்கள் அலுவலகத்தில் யாரேனும் ஒருவர் பத்துக் குறிப்புகளை எழுதி, பிரதியெடுக்கச் செய்து, செயலியை நீக்கி, மீண்டும் நிறுவிப் பார்த்திருந்தாலே இந்தக் குறை தெரிந்திருக்கும். அரை மணி நேர வேலை. அதை எவரும் செய்யவில்லை. என் வீட்டில், என் தந்தையாரின் மருத்துவக் குறிப்புகளை வைத்து அந்தச் சோதனை நடந்தது.

இழந்தது வெறும் குறிப்புகள்தானே என்று தாங்கள் எண்ணலாம். எங்கள் வீட்டின் ஆறு ஆண்டு வாழ்க்கையே அழிந்துவிட்டது என்று நான் சொல்வதில் துளியும் மிகையில்லை. ஒரே இரவில் சர்க்கரை 48-க்கு இறங்கி அவரை நான் தட்டித் தட்டி எழுப்பிய இரவு எது, அன்று என்ன சாப்பிட்டிருந்தார், எந்த மருந்தை நிறுத்திய பிறகு கால் வீக்கம் வடிந்தது என்பதை இனி உலகில் எவராலும் சொல்ல முடியாது. சென்ற வாரம் மருத்துவர் கேட்ட கேள்விகளுக்கு நான் "நினைவில்லை" என்று மட்டுமே பதில் சொன்னேன். மருத்துவர் மறுபடியும் குறைந்த அளவிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம் என்றிருக்கிறார். இதற்கு எந்தத் தொகையும் ஈடாகாது.

ஆயினும் நான் சண்டையிட விரும்பி இதை எழுதவில்லை. ஆறு ஆண்டுகள் தங்கள் செயலியை விரும்பியே பயன்படுத்தினேன். எழுதுவதற்கு எளிதானது, தேடுவதற்கு விரைவானது என்று உறவினர் பலருக்கும் பரிந்துரைத்தேன். அவர்களில் இருவர் நேற்றுவரை அதே பச்சைக் குறியை நம்பி எழுதிக்கொண்டிருந்தார்கள். நேற்றுதான் நான் அழைத்து, உடனே ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள் என்றேன். என்னைப் போன்று எத்தனை பேர் இருப்பார்கள் என்பது தங்களுக்கே தெரியும். அவர்களுக்கு யார் அழைத்துச் சொல்வார்கள்?

ஆகவே நான் கேட்பவை இவை. சந்தாதாரர்களின் குறிப்புகள் ஒத்திசைவுக்காகவோ வேறு காரணத்துக்காகவோ தங்கள் சர்வர்களில் எந்த வடிவிலேனும் தங்கியுள்ளனவா என்று தகுதியுள்ள பொறியாளர் ஒருவர் தேடிப் பார்த்து, உண்டு அல்லது இல்லை என்று எழுத்து மூலம் எனக்குத் தெரிவிக்க வேண்டும். பழைய கைப்பேசி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதன் நினைவகத்திலிருந்து தரவை எடுக்கும் வசதி தங்கள் தொழிற்சாலையிலோ ஆய்வகத்திலோ இருக்குமானால், அதை அனுப்பிவைக்க நான் அணியமாக உள்ளேன். ஆனால் இன்னொரு முறை ஒரு மேசையின் முன்னால் வரிசைச் சீட்டோடு நிற்க மாட்டேன். அதைப் பெற்றுக்கொள்ளத் தங்கள் ஆளே வர வேண்டும். எந்தப் பதிப்பிலிருந்து தரவுத்தளம் விலக்கப்பட்டது என்பதையும், அதைப் பயனர்களுக்கு ஏன் அறிவிக்கவில்லை என்பதையும் விளக்க வேண்டும். தானியங்கி காப்புப்பிரதிக்காக நான் கட்டிய சந்தா முழுவதையும் திருப்பித் தர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, குறிப்புகள் பிரதியெடுக்கப்படுவதில்லை என்ற எச்சரிக்கையைச் செயலியைத் திறந்தவுடன் தெரியும்படி இந்த வாரத்துக்குள் வெளியிட வேண்டும். இந்த ஒன்றுக்கு மட்டும் நான் காத்திருக்க மாட்டேன்.

மற்றவற்றுக்கு இக்கடிதம் கிடைத்த நாளிலிருந்து பதினைந்து நாட்கள் தருகிறேன். அதற்குள் பெயரும் பொறுப்பும் உள்ள ஓர் அதிகாரியிடமிருந்து பதில் வராவிட்டால், புகார் எண்கள், மின்னஞ்சல், அமைப்புகள் பக்கத்தின் திரைப்பிடிப்பு, சேவை மையத்தின் வரிசைச் சீட்டு ஆகிய அனைத்தையும் இணைத்து நுகர்வோர் குறைதீர் அமைப்பிடம் முறையிடுவேன். ஐந்தாவது புகாரையும் "தீர்க்கப்பட்டது" என்று முடித்துவைத்தால், பதினைந்து நாட்கள்கூடக் காத்திருக்க மாட்டேன். அந்த நிலைக்கு என்னைத் தள்ள மாட்டீர்கள் என்று இன்னமும் நம்புகிறேன்.

தயவுசெய்து என்னைத் தொலைபேசியில் அழைக்க வேண்டாம். எழுத்தில் மட்டும் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இணைப்பு: மேற்குறித்த ஆவணங்களின் நகல்கள்.