உழைக்கிறவர் ஓடும்போது ஓய்வும் கணக்கில் சேர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கைப்பேசியில் கிடைக்கும் 16 வார மாரத்தான் அட்டவணை ஒன்றைத் திறந்தால், செவ்வாய்க்கிழமைக்கு நேரே ‘10 கி.மீ., வேகமாக’ என்று போட்டிருக்கும். அன்று விடியற்காலை ஐந்தரைக்கு ஈப்போவுக்குத் தொழிற்சாலை பஸ் ஏறி, பன்னிரண்டு மணி நேரம் நின்றபடி வேலை பார்த்து, இரவு எட்டுக்கு வீடு திரும்பும் சுங்கை சிப்புட்காரருக்கும் அதே 10 கி.மீ.தான். தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவருக்கும் அதேதான். இங்கே ஓடத் தொடங்கும் பலர் இரண்டு மூன்று மாதத்தில் முன்னங்கால் எலும்பு வலியோடு நின்றுபோவதற்கு இதுவே முதல் காரணம் என்பது, அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் எங்கள் கருத்து. சோம்பலால் நின்றவர்கள் குறைவு. ஓய்வெடுக்க வெட்கப்பட்டு, வலித்த காலோடு ஓடி, அதனால் நின்றவர்களே அதிகம்.

வேலையும் ஓட்டமும் ஒன்றாகப் போகாது என்று சொல்ல வரவில்லை. மலேசிய ஓட்ட வீரர் டாக்டர் எம். ஜெகதீசன் மருத்துவம் படித்துக்கொண்டேதான் 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வென்றார். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை அவர் 20.92 விநாடியில் ஓடிய தேசியச் சாதனை 2017 வரை நின்றது. ஒன்றாகப் போகும், ஆனால் உடம்பு ஒரே கணக்கைத்தான் வைத்திருக்கிறது. சம்பளத்துக்குச் செய்த உழைப்பு, ஆசைக்கு ஓடிய ஓட்டம் என்று தனித்தனியாக அது எழுதி வைப்பதில்லை.

ஆகவே அட்டவணையை வேலையிலிருந்து தொடங்கி எழுத வேண்டும். இருபது கிலோ குலைகளை நாள் முழுவதும் தூக்கிப் போடுகிறவரின் முதுகும் கெண்டைக்காலும் அன்றைய பாரத்தை ஏற்கெனவே சுமந்துவிட்டன. பால்மரம் வெட்டுகிறவர் விடிவதற்குள் மரத்துக்கு மரம் நெடுந்தூரம் நடந்திருப்பார். இவர்களுக்கு வாரம் மூன்று ஓட்டம் போதும். தொழிற்சாலையில் நிற்பவருக்கும் அலுவலகத்தில் உட்காருகிறவருக்கும் நான்கு. அதில் இரண்டு, 30 முதல் 40 நிமிட மெதுவோட்டம். மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். முடியாவிட்டால் அது மெதுவோட்டமல்ல, வேகத்தைக் குறையுங்கள், நடந்தாலும் பரவாயில்லை. மூன்றாவது நாள் மட்டும் வேகம்: 15 நிமிடம் மெல்ல ஓடி உடம்பைச் சூடாக்கி, இரண்டு நிமிடம் வேகம், இரண்டு நிமிடம் நடை என்று ஆறு முறை, பிறகு 10 நிமிடம் மெல்ல. ஞாயிற்றுக்கிழமை நெட்டோட்டம். கடந்த ஒரு மாதத்தில் ஓடிய மிக நீண்ட தூரத்தைவிட ஒன்று, இரண்டு கி.மீ.க்கு மேல் அதைக் கூட்டாதீர்கள். வாரம் முழுவதும் ஓட முடியாமல் போனதை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஈடுகட்ட நினைப்பவர்கள்தாம் சீக்கிரம் அடிபடுகிறார்கள். நான்கு வாரத்துக்கு ஒரு வாரம் மொத்தத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். எலும்பு தன்னைச் சரிசெய்துகொண்டு பலப்பட அந்த வாரம் உதவும்.

ஓ.டி. (கூடுதல் நேர வேலை) செய்த மறுநாள் வேக ஓட்டம் வேண்டாம். இரவு ஷிப்ட் முடிந்து பஸ்ஸைவிட்டு இறங்கியதும் சப்பாத்தை மாட்டிக்கொண்டு கிளம்புவதும் வேண்டாம். முதலில் தூங்குங்கள், மாலை ஐந்தரைக்கு மேல் மெதுவாக 30 நிமிடம் ஓடுங்கள், சாப்பிட்டுவிட்டு அடுத்த ஷிப்டுக்குப் போங்கள். காப்பியிலும் தேத்தண்ணீரிலும் உள்ள காஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் பிடிக்கும் என்பதால், ஷிப்டின் பின்பாதியில் குடித்தது காலைத் தூக்கத்தைக் கெடுக்கும். பெரியவர் ஒருவருக்குக் குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம் தேவை. ஐந்துகூடக் கிடைக்காத நாளில் ஓட்டத்தை விட்டுவிட்டுப் படுப்பதே அன்றைய பயிற்சி. இதை வீட்டிலிருப்பவர்களிடமும் சொல்லி வைப்பது நல்லது. நெட்டோட்டம் முடித்துவிட்டுப் பகலில் படுத்திருப்பவரைப் பார்த்து ‘ஓடத் தெம்பு இருக்கிறது, வேலை செய்ய இல்லையா’ என்று கேட்காத வீடு குறைவு. பிள்ளைகளை ஞாயிறு வகுப்புக்கு ஏற்றிச் செல்வதும் சந்தைக்குப் போவதும் யார் பொறுப்பு என்று முதல்நாளே பேசி முடித்தவர்தான் நிம்மதியாகத் தூங்க முடியும்.

காலையில் எழுந்திருக்கும் முன், படுத்தபடியே ஒரு நிமிட நாடித்துடிப்பை எண்ணி நாட்காட்டியில் எழுதி வாருங்கள். வழக்கத்தைவிட ஏழு, எட்டு துடிப்பு கூடியிருந்தால் தூக்கம் போதவில்லை, நீர் குறைந்திருக்கிறது, அல்லது காய்ச்சல் வருகிறது. மூன்றில் எதுவானாலும் அன்று வேகம் கூடாது. டிங்கி பரவும் பருவத்தில் இது இன்னும் முக்கியம். ஏடிஸ் கொசு அதிகம் கடிப்பது விடியலிலும் அந்தியிலும், அதாவது நாம் ஓடும் அதே நேரத்தில். டிங்கி வந்து தேறியவர் இரத்தப் பரிசோதனை சீராகி, மருத்துவர் சொன்ன பிறகே ஓட வேண்டும்.

இனி நம் வானிலை. 1982 ஜனவரி முதல் நாள் மலேசியத் தீபகற்பத்தின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டதிலிருந்து, நமக்குச் சூரியன் ஏறக்குறைய ஏழுக்கும் ஏழரைக்கும் இடையில்தான் உதிக்கிறது. வேலைக்கு முன் ஓடுகிறவர் இருட்டில்தான் ஓட வேண்டும். அந்த நேரத்தில் குளிர்ச்சியாகத் தெரிந்தாலும் காற்றில் ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும். சொட்டிப் போகும் வியர்வை உடம்பைக் குளிர்விக்காது, ஆவியாகும் வியர்வைதான் குளிர்விக்கும். அதனால்தான் அதே வேகத்தில் ஓடியும் அரை மணி நேரத்துக்குப் பிறகு நெஞ்சு படபடக்கிறது. கடிகாரத்தில் தெரியும் வேகத்தை மறந்து, மூச்சைப் பார்த்து ஓடுங்கள்.

எவ்வளவு குடிப்பது என்பதற்குத் தராசுதான் பதில். ஓடுவதற்கு முன்னும் பின்னும் உடையில்லாமல் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் சுமார் ஒரு லிட்டர் வியர்த்திருக்கிறது. இடையில் குடித்ததையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். இங்கே மணிக்கு ஒரு லிட்டர் சாதாரணம். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றேகால் லிட்டரை அடுத்த சில மணி நேரத்தில் சிறிது சிறிதாகக் குடியுங்கள், உணவில் உப்பும் இருக்கட்டும். ஓட்டம் முடிந்தபின் எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள். இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் உயிருக்கே ஆபத்தாகலாம். கடை பானம் வாங்க வேண்டியதில்லை: ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு போதும், எலுமிச்சை பிழிந்தால் குடிக்க இதமாக இருக்கும். உப்பு ஒரு போதும் அந்த அரையைத் தாண்டக் கூடாது.

பாதையைப் பொறுத்தவரை நமக்குக் கிடைத்திருப்பது பட்டணத்தாருக்குக் கிடைக்காத வசதி. தோட்டத்துச் செம்மண் சடக்கு தார்ச் சடக்கைவிட மென்மையானது, மேடுபள்ளம் கணுக்காலைப் பலப்படுத்தும். ஜாகாவிடம் (காவலாளியிடம்) சொல்லி, நிர்வாகத்திடம் அனுமதி பெற்று ஓடுங்கள். குலை ஏற்றிய லோரி வந்தால் நின்று வழிவிடுங்கள். மருந்தடித்த பகுதிக்குள் அன்று போகாதீர்கள். வெட்டி அடுக்கிய மட்டைக் குவியலை ஒட்டி ஓட வேண்டாம்; அங்கே எலி இருக்கும், எலிக்குப் பின்னால் பாம்பு இருக்கும். செம்பனை முள் காலில் ஏறினால் நுனி உள்ளேயே ஒடிந்து நிற்கும். வீங்கினால் கிளினிக்கில் எடுத்துவிடுவதே நல்லது. காலில் புண்ணோடு மழைத் தண்ணீரில் இறங்கி ஓடியவருக்குச் சில நாள் கழித்துக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், ‘தேங்கிய நீரில் ஓடினேன்’ என்று மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். எலிக் காய்ச்சல் அப்படித்தான் தொற்றுகிறது. சொன்னால்தான் அதற்கான பரிசோதனையை நினைப்பார். பிற்பகலில் இடி முழங்கினால் ஓட்டத்தை அங்கேயே நிறுத்திவிட்டுக் கூரைக்குள் போய்விடுங்கள், தனிமரத்தின் கீழ் ஒதுங்காதீர்கள்.

வலி விஷயத்தில்தான் நம்மவர்கள் மிகவும் தவறிவிடுகிறார்கள். முன்னங்கால் எலும்பின் உள்பக்கம் ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்து, ஓடத் தொடங்கிச் சூடு ஏறியதும் குறைந்தால், பாரம் கூடியிருக்கிறது என்று பொருள். தூரத்தைப் பாதியாக்கி, இரண்டு மூன்று வாரம் மண் சடக்கில் மட்டும் மெல்ல ஓடினால் பெரும்பாலும் அடங்கும். ஆனால் ஒரு விரல் வைத்துக் காட்டும்படி ஒரே இடத்தில் வலித்தாலோ, ஒற்றைக் காலில் குதிக்க முடியாவிட்டாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம். அன்றே ஓட்டத்தை நிறுத்துங்கள். முதல் இரண்டு மூன்று வாரத்தில் எக்ஸ்ரேயில் கீறல் தெரியாமல் போகலாம். ‘எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது’ என்று மறுபடி ஓடி, கீறலை முறிவாக்கிக்கொள்ள வேண்டாம்.

குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாண் காலையில் விறைத்து வலித்தால் படிக்கட்டு விளிம்பு போதும். முன்பாதத்தை விளிம்பில் ஊன்றி, இரு கால்களாலும் உயர்ந்து, வலிக்கும் காலால் மட்டும் மெல்ல இறங்குங்கள். 15 முறை, மூன்று சுற்று, காலையும் மாலையும், 12 வாரம். லேசான வலியோடு செய்யலாம். பலர் மூன்றாம் வாரமே விட்டுவிடுவதால்தான் அது திரும்ப வருகிறது. தசை கிழிந்த முதல் மூன்று நாளில் எண்ணெய் போட்டு அழுத்தி உருவக் கூடாது, உள்ளே இரத்தக் கசிவு கூடும்.

ஓட்டத்துக்கு முன் போன்ஸ்டான் போன்ற வலி மாத்திரை போடும் பழக்கத்தை நாங்கள் கடுமையாக எதிர்க்கிறோம். அது எச்சரிக்கை வலியை மறைக்கிறது. நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்துக்கு இரத்தம் போவதையும் குறைக்கிறது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் மிகுந்த நம் சமூகத்தில் இது விளையாட்டல்ல. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், நாட்டின் பெரியவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. இன்சுலினோ கிளிக்லசைடு என்ற நீரிழிவு மாத்திரையோ எடுப்பவர்கள் ஓடுமுன் சர்க்கரை பார்க்க வேண்டும். 5 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் 15 கிராம் சீனி, அதாவது மூன்று தேக்கரண்டி அளவு, உட்கொண்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்; பையிலும் அதே அளவு இருக்க வேண்டும். நெட்டோட்டம் ஓடிய இரவில் தூக்கத்திலும் சர்க்கரை இறங்கக்கூடும். மருந்தளவை அரசாங்கக் கிளினிக்கில் கேட்டு மாற்றுங்கள், நீங்களாகக் குறைக்காதீர்கள்.

சாப்பாட்டுக்குப் பெரிய செலவில்லை. கிளம்புமுன் ஒரு பிசாங் மாஸ் வாழைப்பழம், திரும்பி வந்து தோசையோடு இரண்டு முட்டை, அல்லது சோறும் பருப்பும் தெம்பேயும் (புளிக்கவைத்த சோயா). தெம்பே 100 கிராமில் ஏறக்குறைய 19 கிராம் புரதம் இருக்கிறது, சைவத்தாருக்கு அது மலிவான வழி. பசியாறும்போதே தே தாரிக் குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள், பெண்கள் குறிப்பாக. தைப்பூசத்துக்கு விரதம் இருப்பவர்கள் அந்த வாரங்களில் வேக ஓட்டத்தை நிறுத்திவிடலாம். வெறுங்காலோடு தார்ச் சடக்கில் பல மணி நேரம் காவடியோடு நடப்பதே பெரும்பாரம். அதற்குப் பின் ஒரு வாரம் கால் ஆறட்டும். சப்பாத்து 500 முதல் 800 கி.மீ. வரை தாங்கும், நனைந்தால் நாளிதழைத் திணித்து நிழலில் காயவையுங்கள், வெயிலில் பசை விட்டுவிடும்.

கடைசியாக, அறப்பணி ஓட்டங்களும் பள்ளி நிதி ஓட்டங்களும் நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிரமுகர் வரும்வரை காத்திருந்து, உரைகள் முடிந்து, எட்டு மணிக்குக் கொடியசைக்கும் வழக்கத்தைக் கைவிடுங்கள். 10 கி.மீ.யை ஒன்றரை மணி நேரத்தில் முடிக்கும் புதியவர் அப்போது ஒன்பதரை வெயிலில் தார்ச் சடக்கில் இருப்பார். ஏழு மணிக்கு ஓட்டம், உரை பிறகு. இரண்டு, இரண்டரை கி.மீ.க்கு ஒரு தண்ணீர்ப் பந்தல், கடைசியாக வருபவருக்கும் மிஞ்சும் அளவுக்கு. முடிவிடத்தில் நான்கைந்து மூட்டை ஐஸ், தண்ணீர், ஆள் படுக்கும் அளவுக்கு ஒரு தார்ப்பாய். ஒருவர் தள்ளாடி, பேச்சு குழறி, கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், வியர்வை ஓடினாலும் அதை வெப்பத்தாக்கு என்றே கொள்ளுங்கள். 999ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்காமல், தார்ப்பாயில் கிடத்தி நாலு பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்து, தலையை நீருக்கு மேலே வைத்து, கழுத்துவரை ஐஸ் தண்ணீரில் அமிழ்த்துங்கள். குளிர்விப்பது முதலில், வண்டியில் ஏற்றுவது பிறகு. ஓட்டத்துக்கு அனுமதி கேட்டு வரும் விண்ணப்பங்களில் தொடங்கும் நேரம், தண்ணீர்ப் பந்தல்களின் எண்ணிக்கை, ஐஸ் ஏற்பாடு ஆகிய மூன்றையும் எழுதித் தரும்படி நகராண்மைக் கழகமும் கேட்டு வாங்கலாம்.

இப்படிக்கு,
ஓட்டப் பயிற்சி அளிக்கும் சிலர்,
சுங்கை சிப்புட், பேராக்