நோய் வளர்க்கும் வேலை

திருவிடைமருதூர்,
மார்கழி 18

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. மூட்டுவலிக்கு எண்ணெயே போதும் என்று இருக்காதே, டாக்டரையும் பார். மகள் வேலையில் சேர்ந்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம்.

பதில் தாமதமானதற்குக் காரணம் குலைநோய்ப் பாத்தி. நெல்லைத் தாக்கும் குலைநோய் என்ற பூஞ்சாண நோயை வேண்டுமென்றே வரவழைத்து, எந்த ரகம் தாங்குகிறது என்று பார்க்கும் சோதனைப் பாத்தி அது. ஊரே நோய் வரக்கூடாது என்று சாமி கும்பிடும். நான் எப்போது வரும் என்று காத்திருக்கிறேன். மேட்டுப்பாத்தியில் ரகத்துக்கு ஒரு வரிசை, அரை மீட்டர் நீளம். சுற்றிலும் நடுநடுவிலும் நோய் தாங்காத கோ 39 என்ற ரகம். யூரியாவைத் தாராளமாகப் போட்டு, சாயங்காலம் தண்ணீர் தெளித்து, ராத்திரி பாலித்தீன் தாள் போர்த்துகிறோம். இலை ஈரமாகவே கிடந்தால்தான் பூஞ்சாண வித்து முளைத்து உள்ளே இறங்கும். பேரப்பிள்ளைக்குக்கூட இப்படிப் போர்த்தியதில்லை என்கிறாள் உன் தங்கச்சி.

அப்புறம் குனிந்து குனிந்து மார்க் போட வேண்டும், 0 முதல் 9 வரை. பள்ளிக்கூடத்துக்கு நேர்மாறு, குறைவாக வாங்கியவன்தான் கெட்டிக்காரன். ஊசிமுனை அளவு பழுப்புப் புள்ளி என்றால் 1. நடுவில் சாம்பல், ஓரத்தில் பழுப்பு என்று கண் வடிவில் வந்துவிட்டால் 4, அதற்கு மேல். இலையில் முக்கால் பங்குக்கு மேல் போனால் 9. இந்த முறை கோ 39 எரிந்து கிடந்தது, வியட்நாம் ரகமான டெட்டெப் பச்சையாக நின்றது. கோ 39 எரியாவிட்டால் சோதனையே செல்லாது. ரகம் தாங்கியதா, நோயே வரவில்லையா என்று எப்படிச் சொல்வது?

ஒரு உறுத்தல் மட்டும் உண்டு. பாத்தியில் நாம் பார்ப்பது இளம்பயிரின் இலையை. விவசாயியின் வயிற்றில் அடிப்பதோ கழுத்துக் குலை. கதிரின் கழுத்து கறுத்து ஒடிந்து, பால் ஏறாமல் பதராகிவிடும். இலையில் 2 வாங்கிய ரகம் கழுத்தில் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். தேறியதை வயலில் நட்டுக் கதிர் முற்றும்வரை பாருங்கள் என்று நச்சரித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த லட்சணத்தில் என் வயல் கதையைக் கேள். விலை கிடைக்கிறதே என்று சம்பாவுக்கு ஆந்திரா பொன்னி போட்டேன். அது குலைநோய் தாங்காது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான். பயிர் வெளுப்பாகத் தெரிந்தது, மேலுரத்தில் யூரியா ஒரு கை கூடிவிட்டது. பிறகு விடாத பனி. வடக்கு வரப்போரம் முழுக்கப் பதராகிப்போன வெண்கதிர். பக்கத்து வயல்காரர் எட்டிப் பார்த்து, "என்ன, இங்கேயும் பாத்தி போட்டுட்டீங்களா?" என்றார்.

சரி, பொங்கலுக்கு வருகிறாய்தானே? அறுப்புக்கு முன்னாலேயே வா, அந்த வரப்பைக் காட்டுகிறேன். சிரிக்கக் கூடாது.

உன்
பழைய அறைத்தோழன்