பெயிண்டுக்கு அடியில் என் எண்

பாதுகாப்பு அமைச்சக அதிகாரிகளுக்கும் போர்க்கப்பல் கட்டும் தளங்களின் நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம்.

போன மாதம் கிழக்குக் கரையில் ஒரு கப்பல் தளத்துக்கு வேலை கேட்டுப் போயிருந்தேன். தளத்தின் பெயர் இங்கே வேண்டாம். ஆளெடுக்க உட்கார்ந்திருந்த தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். மரியாதையாகத்தான் பேசினார். “விக்ராந்துல வெல்டிங் பண்ணேன்னு சொல்றீங்களே அண்ணே, ஏதாவது பேப்பர் இருக்கா?” என்றார். இல்லை என்றேன். “அப்ப ஹெல்பர் கூலிதான் போட முடியும்.” விமானந்தாங்கிக் கப்பலில் ஐந்து வருடம் வெல்டராக இருந்தவன், இனி இன்னொரு வெல்டருக்கு ராடு, அதாவது வெல்டிங் குச்சி, எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்தத் தம்பி மேல் எனக்கு வருத்தமில்லை. உங்கள் மேல்தான் கொஞ்சம் இருக்கிறது.

கப்பலின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். 2009 பிப்ரவரியில் கொச்சித் தளத்தில் கீல், அதாவது கப்பலின் அடித்தண்டு, போட்டார்கள். அடுத்த வருடம் நான் ஒரு ஒப்பந்தக்காரரிடம் சேர்ந்தேன். தளம் அவருக்கு வேலை கொடுத்தது, அவர் எனக்குக் கொடுத்தார். தளத்தை நான் குறை சொல்ல வரவில்லை.

அந்த இரும்பைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். ரஷ்யாவிலிருந்து எதிர்பார்த்த இரும்பு கிடைக்காமல் போனதால், ஹைதராபாத்தில் உள்ள பாதுகாப்புத் துறை உலோக ஆய்வுக்கூடம் பக்குவம் கண்டுபிடித்து, அரசு நிறுவனமான செயிலின் இரும்பு ஆலைகளில் உருட்டி வந்த டிஎம்ஆர் 249. கதவு, ஜன்னல் கம்பி ஒட்டுகிற மாதிரி அதை ஒட்ட முடியாது. ராடை ஓவனில் வைத்து ஈரம் போக்கி, சூடு ஆறுவதற்குள் எடுத்து வர வேண்டும். கொஞ்சம் ஈரம் இருந்தாலும் ஹைட்ரஜன் உள்ளே போய்விடும். வெல்ட் அழகாகத்தான் தெரியும், மறுநாள் விரிசல் விடும். அதற்கென்று தனியாக டெஸ்ட் வைத்துத்தான் எங்களை எடுத்தார்கள். தேறியவர்களுக்கு ஆளுக்கொரு எண். மேன்ஹோலுக்குள் தவழ்ந்து போய், மல்லாந்து படுத்து, தலைக்கு மேல் ஓவர்ஹெட் அடிக்கும்போது பொறி காலர் வழியாக நெஞ்சுக்குள் இறங்கும். கையை அசைக்கக் கூடாது, அசைத்தால் எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். ஒவ்வொரு ஜாயின்ட்டுக்குப் பக்கத்திலும் அதை வெல்ட் செய்தவனின் எண்ணை எழுதுவார்கள். என் எண்ணும் அந்தக் கப்பலில் பல இடங்களில் பெயிண்டுக்கு அடியில் இருக்கிறது. கோப்பிலும் இருக்க வேண்டும்.

ஆனால் டெஸ்டில் தேறிய தாள் என் கைக்கு வரவே இல்லை. அது ஒப்பந்தக்காரரிடம் இருந்தது. 2015-ல் இரும்பு வேலை குறைந்ததும் எங்களை அனுப்பிவிட்டார்கள். பின்னால் தேடிப் போனபோது, அவருடைய அலுவலகம் இருந்த இடத்தில் ஷவர்மா கடை இருந்தது. போன் எண்ணும் இப்போது உபயோகத்தில் இல்லை. இந்தத் தொழிலில் ஆறு மாதம் தொடர்ந்து அந்த முறையில் வெல்ட் செய்யாவிட்டால் தகுதியே காலாவதியாகிவிடும். மறுபடி டெஸ்ட் எழுதத் தயார். ஆனால் வெல்டர் டெஸ்டுக்குக் கூப்பிடவே பழைய தாளைக் கேட்கிறார்கள்!

நான் புதிதாக எதுவும் கேட்கவில்லை. 1971-ம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் மத்திய விதிகளில் 77-வது விதி, 15-ம் படிவம். வேலையை விட்டுப் போகிறவனுக்கு, எவ்வளவு காலம், என்ன வேலை செய்தான் என்று ஒப்பந்தக்காரர் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றது. நான் வேலை பார்த்த காலத்தில் நடப்பில் இருந்த விதி. எங்கள் குழுவில் அந்தப் படிவத்தைக் கண்ணால் பார்த்தவர் ஒருவரும் இல்லை. என்னை அனுப்பிய அதே 2015-ல், ஜூலை மாதம், ‘திறன் இந்தியா’ திட்டத்தைத் தொடங்கினீர்கள். நல்ல திட்டம். ஏற்கெனவே திறன் உள்ளவனுக்கு ஒரு தாள் கொடுப்பதும் அதில் சேருமா என்று யாராவது விசாரித்துச் சொன்னால் தேவலை. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு மத்திய அரசு கொடுக்கும் இ-ஷ்ரம் அட்டைகூட வைத்திருக்கிறேன். அதில் வெல்டர் என்று இருக்கிறது. போர்க்கப்பலா, கோழிக்கூண்டா என்று இல்லை.

ஒப்பந்தத் தொழிலாளரின் விவரமெல்லாம் எங்கே கிடைக்கும் என்று சொல்லிவிடாதீர்கள். 2019-ல் கட்டி முடியாத கப்பலிலிருந்து கணினி பாகங்கள் திருடு போனபோது, தேசியப் புலனாய்வு முகமை ஆயிரக்கணக்கான தொழிலாளர்களின் கைரேகையை எடுத்தது. திருடனைப் பிடிக்க ஒவ்வொருவனையும் தேடி எடுக்க முடிகிறது. சான்றிதழ் கேட்டால் மட்டும் நாங்கள் யாரென்று தெரியாமல் போய்விடுகிறது.

2022 செப்டம்பரில் கப்பலைக் கடற்படையில் சேர்த்த விழாவை வீட்டில் டிவியில் பார்த்தேன். இந்தக் கப்பலில் உள்ள கேபிளை இழுத்தால் கொச்சியிலிருந்து காசி வரை போகும் என்று பிரதமர் சொன்னார். சுமார் 20,000 கோடி ரூபாய், 262 மீட்டர் நீளம் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு வந்தது. மகள் “அப்பா, நீங்க செஞ்ச இடத்தைக் காட்டுங்க” என்றாள். அது தண்ணீருக்குக் கீழே இருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன். உண்மையும் அதுதான்.

இரண்டாவது உள்நாட்டு விமானந்தாங்கிக் கப்பல் பற்றிப் பல வருடமாகப் பேசுகிறீர்கள். எப்போது கட்டுவீர்களோ, அது உங்கள் பாடு. கட்டும்போது டிஎம்ஆர் இரும்பு தெரிந்த வெல்டர்கள் எங்கே என்று தேடுவீர்கள். பாதிப் பேர் வளைகுடாவில் இருப்பார்கள். மீதிப் பேர் என்னைப் போல எங்கேயாவது வீட்டு கேட்டுக்கு வெல்டிங் பண்ணிக்கொண்டிருப்பார்கள்.

சரி, கோபத்தில் வார்த்தை கொஞ்சம் கூடிப்போயிருந்தால் மன்னிக்கவும். கேட்பது ஒன்றே ஒன்றுதான். தரக்கட்டுப்பாட்டுக் கோப்புகளில் உள்ள வெல்டர் எண்களை எடுத்து, ஆளின் பெயரோடு சேர்த்து, இவர் இந்தக் கப்பலில் இந்த இரும்பில் இவ்வளவு காலம் வேலை செய்தார் என்று ஒரு தாள் கொடுங்கள். எந்த அறைக்குள் செய்தான், எந்தப் பலகைக்குப் பின்னால் செய்தான் என்ற ரகசியமெல்லாம் வேண்டாம். இனிமேல் கட்டும் கப்பல்களிலாவது டெஸ்ட் தாளின் ஒரு நகல் வெல்டரின் கையில் இருக்கும்படி ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேருங்கள்.

என் எண்ணைப் பொதுவில் எழுதவில்லை. நீங்கள் கேட்டால் தருகிறேன். எனக்கு இன்னும் மறக்கவில்லை.

பணிவுடன்,
ஒரு ஒப்பந்த வெல்டர்
நாகர்கோவில் பக்கம்