காளை இல்லாத கை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பாவும் நானும் நலம். பேரனுக்கு இருமல் நின்றதா?

போன வாரம் போனில், அவனை பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அழைத்துப் போனதையும், அரை மணி நேரத்திலேயே வீட்டுக்குப் போகலாம் என்று அழுததையும் சொன்னாய். அதிலிருந்து எனக்கு உன் நினைப்புதான். உன்னையும் நான் அப்படித்தான் அழைத்துப் போனேன். தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் ஒரு கோடியில் நுழைந்து மறு கோடியில் வெளியே வந்து, கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தேன். ஒரு சிலை முன்னால்கூட உன்னை நிற்கவிடவில்லை. இப்போது மனசு உறுத்துகிறது.

ஞாயிற்றுக்கிழமை இங்கே ஒரு பேச்சுக்குப் போயிருந்தேன். சுவாமிமலையிலிருந்து சாமி சிலை வார்க்கும் ஸ்தபதி ஒருவர் வந்து, பேசிக்கொண்டே செய்து காட்டினார். ஸ்கேல், டேப் எதுவும் எடுக்கவில்லை. ஒரு தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்குக் கிழித்து, மடித்து மடித்து வைத்துக்கொண்டார். அந்த மடிப்புதான் அளவு. முகத்தின் நீளத்தை வைத்து உடம்பு முழுவதற்கும் கணக்கு. அதைத் தாலம் என்கிறார்கள். அப்புறம் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த மெழுகில் ஒரு சின்னக் கையை உருட்டினார். விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து வந்தபோது முன்வரிசைப் பிள்ளைகள் எழுந்தே நின்றுவிட்டார்கள். அதன்மேல் காவிரி வண்டலை மெல்லிசாகப் பூசினார். காயக் காயப் பூசி, சூடு காட்டினால் மெழுகு உருகி ஓடிவிடுமாம். அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றி, ஆறியதும் மண்ணை உடைத்தால்தான் சாமி வெளியே வருவார். அச்சு உடைந்துபோகிறது. அதனால் ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவைதான்.

பேச்சு முடிந்ததும் கலைக்கூடத்துக்குப் போய் நேரே ரிஷபவாகனர், அதான் காளைமேல் சாய்ந்து நிற்கும் சிவன், முன்னால் நின்றேன். திருவெண்காட்டில் மண்ணுக்கடியில் கிடைத்தவர். 1011-ல் செய்தது, நம் பெரிய கோயில் முடிந்த மறு வருஷம். பக்கத்தில் இருக்கும் அம்பாள் அதற்கும் அடுத்த வருஷம். பாம்புகளோடு சேர்த்துத் தலைப்பாகை மாதிரிச் சுற்றிய சடை. காலை மாற்றி வைத்துக்கொண்டு சாவகாசமாக நிற்கிறார். ஒரு கை மட்டும் அந்தரத்தில் மடங்கியிருக்கிறது. அவர் சாய்ந்திருந்த காளை இல்லை. ஆனால் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் காளை எவ்வளவு உயரம், திமில் எங்கே இருந்திருக்கும், எவ்வளவு பாரத்தை அதன்மேல் விட்டிருக்கிறார் என்பதெல்லாம் தெரிகிறது. எத்தனையோ தடவை அந்த வழியாக நடந்திருக்கிறேன். இந்தத் தடவைதான் பார்த்தேன்.

அங்கே உங்கள் மியூசியத்தில் சோழர் காலத்து நடராசர் ஒருவர் இருக்கிறார். நம் ஊர்ப் பக்கத்துச் சாமி அவ்வளவு தூரத்தில் இருப்பது எனக்கு வருத்தம்தான். இருந்தாலும் பேரனுக்குப் பக்கத்தில் இருக்கிறாரே. அடுத்த தடவை மம்மி, கல்வெட்டு எல்லாம் வேண்டாம். அவரிடம் மட்டும் போங்கள். ஊன்றிய காலுக்குக் கீழே யார் கிடக்கிறார்கள், நெருப்பு எந்தக் கையில் என்று அவனையே கண்டுபிடிக்கச் சொல். ஒரு பென்சிலும் காகிதமும் கொடுத்து ஒரே ஒரு கையை வரையச் சொல். கோணலாக வந்தால் திருத்தாதே. அலுத்துவிட்டால் உடனே கிளம்பிவிடு, இழுத்துப் பிடிக்காதே.

ஸ்தபதியிடம் கேட்டு அந்த ஓலையை வாங்கி வந்தேன். இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். காய்ந்துவிட்டது, மடிப்பு பிரியாமல் எடுத்து அவன் கையில் கொடு.

அன்புடன்,
அம்மா