பொன்னாடை போதும், வாசிக்க விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் பத்திரிகையின் பிராந்தியச் செய்திப் பக்கத்தில் சேவைநலன் பாராட்டு விழாப் படம் ஒன்றாவது வராத வாரம் இல்லை. பொன்னாடை, மாலை, நினைவுச்சின்னம், பக்கத்தில் வரிசையாக அதிகாரிகள். அதிபருக்கும் தபாலதிபருக்கும் அப்படிச் செய்வது சரி, வேறு எப்படித்தான் செய்வது? ஆனால் வாழ்நாள் முழுக்க இசை சொல்லிக்கொடுத்த ஒருவரையும் அதே மாதிரி மணிக்கணக்கான பேச்சோடு வழியனுப்புவது எனக்குப் பொறுக்கவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

அண்மையில் மட்டக்களப்பு நகரில் பியானோ ஆசிரியர் ஒருவருக்கு விழா எடுத்தார்கள். யார், எந்த மண்டபம் என்பது இங்கே தேவையில்லை. அவரிடம் சிறுவயதில் பழகிய ஒருவர் இப்போது கொழும்பில் ஜாஸ் குழுக்களுக்கு டிரம்ஸ் வாசிக்கிறார். சேருக்காகவே டிரம்ஸ் செட்டை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்திருந்தார். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துப்பா, பிரதம விருந்தினர் உரை, சிறப்பு விருந்தினர் உரை என்று போய், நேரமாகிவிட்டது சுருக்கமாக முடியுங்கள் என்ற அறிவிப்போடு ஒருவழியாக அவரை மேடைக்கு அழைத்தார்கள். அவர் குச்சியைத் தொடவில்லை, கம்பித் தூரிகையை எடுத்து ஸ்நேர் என்ற சிறு டிரம்மின் தோலில் வட்டமாகத் தேய்த்துத் தொடங்கினார், கூட வந்தவர் கீபோர்டில் சேர் அந்தக் காலத்தில் சொல்லிக்கொடுத்த ஒரு மெட்டைப் பிடித்தார். சேர் கதிரையை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். இடது கை விரல்கள் கதிரைக் கைப்பிடியில் கோர்ட் (ஒன்றாக அழுத்தும் சுரக்கூட்டு) பிடிக்கத் தொடங்கிவிட்டன. அவ்வளவு பேச்சுக்கும் அசையாமல் இருந்த மனிதர்! மெட்டு ஒரு சுற்று வந்து இரண்டாம் சுற்றுக்குள் போகும்போதே நன்றியுரைக்காரர் ஒலிவாங்கியோடு மேடையில் வந்து நின்றுவிட்டார்.

இதில் என்ன போய்விட்டது என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன். ஜாஸில் பியானோக்காரரை ஆக உன்னிப்பாகக் கேட்பவர் டிரம்ஸ்காரர்தான். பியானோவின் இடது கை எங்கே கோர்டைப் போடுகிறது, எங்கே போடாமல் விடுகிறது என்று பார்த்து, அந்த இடைவெளிக்கு ஸ்நேரில் பதில் சொல்ல வேண்டும், அல்லது தானும் சும்மா இருக்க வேண்டும். அமெரிக்காவின் தெலோனியஸ் மங்க் இந்த இடைவெளிகளுக்கே பேர்போன பியானோ மேதை. 1960 இல் அவரோடு வாசித்த சக்ஸபோன் கலைஞர் ஸ்டீவ் லேசி, மங்க் சொன்ன புத்திமதிகளைக் குறித்து வைத்திருக்கிறார். நீ டிரம்ஸ்காரன் இல்லை என்பதற்காகத் தாளத்தைக் காப்பது உன் வேலை இல்லை என்றாகிவிடாது என்பது அதில் ஒன்று. மங்கின் மகன் டி. எஸ். மங்க் டிரம்ஸ் கலைஞர். 1970களின் தொடக்கத்தில் தகப்பனின் குழுவிலேயே வாசித்தவர். தகப்பன் 1982 இல் காலமானார். அவர் பிறந்து 80 ஆண்டு நிறைந்த 1997 இல், மகன் பெரிய குழு ஒன்றைச் சேர்த்துத் தகப்பனின் ஆக்கங்களையே வாசித்து இசைத்தட்டாகக் கொண்டுவந்தார். போல் மோஷியன் என்ற டிரம்ஸ் கலைஞர் இன்னும் ஒரு படி மேலே போனார். பியானோ மேதை பில் எவன்ஸின் மூவர் குழுவில் வாசித்தவர் அவர். எவன்ஸ் 1980 இல் இறந்தபின், 1990 இல் வந்த தன் அஞ்சலித் தட்டில் கிட்டார், சக்ஸபோன், பேஸ், டிரம்ஸ் மட்டும் வைத்தார், பியானோ இல்லை. எவன்ஸின் இடத்தில் வேறு யாரையும் உட்கார வைக்காமலே அவருடைய ஆக்கங்களை வாசித்திருக்கிறார்கள். இதைவிட மரியாதை என்ன இருக்கிறது?

இது வெள்ளைக்காரன் பழக்கம், நமக்கு ஒத்துவராது என்று யாராவது சொன்னால் அவர்கள் நம் கூத்தைப் பார்த்ததில்லை என்றுதான் நினைப்பேன். வடமோடிக் கூத்தோ தென்மோடிக் கூத்தோ, வட்டக்களரியில் மத்தளத்தோடு நிற்பவர்தான் அண்ணாவியார், ஆசானும் அவரே. கூத்தர்களுக்குச் சட்டம், அதாவது பாட்டுப் பிரதி, கொடுத்த நாளிலிருந்து அவர் பழக்கியது அரங்கேற்ற இரவில் அவர் கண்முன்னாலேயே ஆடப்படுகிறது, அவருக்குச் செய்யும் மரியாதையும் அந்தக் களரியில்தான். நம் பறங்கிச் சமூகத்தின் கல்யாண வீடுகளில் வயலினும் ரபான் மேளமும் சேர்ந்தால் கஃப்ரிஞ்ஞா நடனம் ஆடாமல் யாரும் இருக்கமாட்டார்கள். 2004 சுனாமியில் அவர்கள் வாழ்ந்த டச்பார் அழிந்தபோது அந்தச் சமூகம் பட்ட இழப்பு கொஞ்சநஞ்சமல்ல, அப்படியிருந்தும் அந்த வாசிப்பு கைமாறி வருவது வாசித்துக் காட்டியதால்தான், பேசியதால் இல்லை. கல்லடியில் விபுலாநந்த அடிகள் பெயரிலேயே இசைக்கும் கூத்துக்கும் பல்கலைக்கழக நிறுவகம் இருக்கிற ஊர் இது. பழந்தமிழ் இசையை ஆராய்ந்து யாழ் நூல் எழுதிய அந்த அடிகளின் சமாதி உள்ள ஊரில் இசை ஆசிரியரின் விழாவில் இசைக்கு நேரமில்லை என்பது வெட்கம்தான்.

செலவும் பெரிதில்லை. பொன்னாடைக்கும் பனருக்கும் போகிற காசில் ஒலியமைப்பை ஒழுங்காகப் பிடிக்கலாம். முதலில் மாணவர்கள் வாசிக்கட்டும், பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், ஒருவர் பேசினால் போதும். ஆசிரியருக்குக் கை ஓடுமானால் கடைசி உருப்படிக்கு அவரையே வாத்தியத்தில் உட்கார வைக்கலாம். முக்கியமாக அவர் இருக்கும்போதே செய்ய வேண்டும், முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்காகக் காத்திருக்க வேண்டாம்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள், ஐயா. இனி இசை ஆசிரியர் ஒருவரின் விழாச் செய்தி வந்தால், யார் யார் உரையாற்றினார்கள் என்ற நீண்ட பட்டியலைக் குறைத்து, எந்த மாணவர் எதை வாசித்தார் என்று கேட்டு வாங்கிப் போடுங்கள். படமும் வாசிக்கிற படமாக இருக்கட்டும்.

வாசகர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.