கண்டென்சரில் போகும் சூடு

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் படித்ததும்தான் எனக்கு மனசு ஆறியது. இங்கே ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் வெளியே பனி. வீட்டுக்குள் சட்டையோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அந்தக் கதகதப்பு எங்கிருந்து வருகிறது என்று போன வாரம் நேரில் பார்த்தேன். 27 கிலோமீட்டர் தள்ளி நெஸ்யாவெட்லிர் புவிவெப்ப நிலையம், பூமிக்கடியிலிருந்து வரும் நீராவியில் ஓடுவது. உன் அனல்மின் நிலையத்தில், டர்பைனை விட்டு வரும் நீராவியைக் குளிர்வித்து நீராக்கும் கண்டென்சரின் சூடெல்லாம் கூலிங் டவர் வழியே வானத்துக்குப் போகிறதே, இங்கே அந்தக் கண்டென்சருக்குள் 4, 5 டிகிரியில் இருக்கும் நல்ல தண்ணீரை விடுகிறார்கள். டர்பைனைச் சுற்றிவிட்டு வரும் நீராவி அதை 50 டிகிரிக்கு மேல் சூடாக்குகிறது. அப்புறம், கிணற்றில் நீராவியோடு வந்த கொதிநீர் இன்னொரு வெப்பமாற்றியில் அதை 80-க்கு மேல் கொண்டுபோகிறது. கொதிநீரை நேரே வீடுகளுக்கு அனுப்ப முடியாது. அதிலுள்ள சிலிக்கா குழாயில் கல்லாகப் படிந்துவிடும். அந்தக் கொதிநீரை ஓரளவுக்கு மேல் ஆறவிட முடியாததற்கும் காரணம் இதுவே. சூடேறிய அந்த நல்ல தண்ணீர்தான் குழாயில் வீடுகளுக்கு வருகிறது. நகரம் வந்து சேர்வதற்குள் அது 2 டிகிரிகூட இழப்பதில்லை!

கண்டென்சர் அழுத்தம் குறையக் குறைய மின்சாரத்துக்கு நல்லது என்றுதானே படித்தோம்? 0.1 பாரில் (நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் சுமார் 1 பார்) நீராவி 46 டிகிரியில் நீராகும், 0.2 பாரில் 60 டிகிரி. அந்தக் குறைந்த அழுத்தத்தை விட்டுக்கொடுத்துக் கொஞ்சம் உயர்த்தினால் மின்சாரம் கொஞ்சம் குறையும், தண்ணீர் கூடுதலாகச் சூடேறும். எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதுதான் கணக்கே. இங்கே வெந்நீர் 1990-லேயே ஓடத் தொடங்கிவிட்டது, டர்பைன் வந்தது 1998-ல். ஊருக்கு வேண்டிய சூட்டை முதலில் வைத்துக் கணக்குப் போட்ட அந்த வரிசை எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது.

2024 பிப்ரவரியில் இங்குள்ள இன்னொரு புவிவெப்ப நிலையமான ஸ்வார்ட்ஸெங்கியின் வெந்நீர்க் குழாயை எரிமலைக் குழம்பு அறுத்தது. உறைகுளிரில் இருபதாயிரம் பேருக்கு மேல் சூடில்லாமல் தவித்தார்கள். எல்லோரும் மின் ஹீட்டர் போட்டால் மின்கம்பிகள் தாங்காது என்று அளவாகப் பயன்படுத்தச் சொன்னார்கள். ஒரு குழாய் எத்தனை சூட்டைச் சுமக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சரி, உங்கள் கண்டென்சரை விட்டு வெளியே வரும் தண்ணீர் எத்தனை டிகிரி? கோடையிலும் மார்கழியிலும் தனித்தனியாக அளந்து எழுது. கணக்குப் போட்டுப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
செல்வம்